சீல் உடைத்த டப்பாவும் டி.கே.டி. பட்டாவும்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் காபியைக் கையில் வைத்துக்கொண்டு போனைத் திறந்தால் என் மாந்தோப்பைக் காணோம்.

நிஜத் தோப்பு இல்லை. போனில் ஆடும் விளையாட்டு. ஓய்வு பெற்ற பிறகு பொழுது போக வேண்டுமே என்று காசு கட்டி வாங்கினேன். ஒட்டுக்கன்று நட்டு, தண்ணீர் விட்டு, பூச்சி விரட்டி, பங்கனபள்ளி ஒரு பக்கம், தோதாபுரி ஒரு பக்கம் என்று இரண்டு வருடம் வளர்த்த தோப்பு. அன்று திறந்தால் வெறும் வெள்ளைத் திரை. அதில் ஒரே வரி: இந்த விளையாட்டு இனிக் கிடைக்காது, உங்கள் உரிமம் முடிந்துவிட்டது. வாங்கும்போது பச்சை நிறத்தில் ‘வாங்கு’ என்றுதானே பொத்தான் வைத்திருந்தீர்கள், அடப் பாவிகளா! நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரம்மாள் கரண்டியோடு ஓடி வந்துவிட்டாள்.

நான் சும்மா இருக்கிற ஜாதியா? உடனே என் பழைய ஆபீசுக்குப் போன் போட்டேன். சித்தூரில் நுகர்வோர் மன்றத்தில் பெஞ்சு கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது என் நாற்காலியில் இருக்கும் சிரீஷா என்ற பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “மேடம், இப்பல்லாம் மனு ஆன்லைன்லதான். அது இருக்கட்டும், சீல் ஒடச்ச கேசுன்னு இன்னிக்கும் ஆபீஸ்ல பேசிக்கினு இருக்காங்களே, அது நீங்கதானாமே? ஒரு தடவ எழுதிக் குடுங்க மேடம், எங்களுக்குப் பிரயோஜனமா இருக்கும்” என்றாள்.

ஆமாம் தாயே, நான்தான். எழுதுகிறேன், கேட்டுக்கொள்.

நான் நாகலாபுரம் பக்கத்துப் பெண். நைனா கூலிக்கு ஏர் ஓட்டியவர். எங்கள் குடும்பத்தில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்த முதல் ஆள் நான். சித்தூர் கோர்ட்டில் நகல் எழுத்தராகச் சேர்ந்து, தெலுங்கில் எழுதவும் தமிழில் திட்டவும் ஆங்கிலத்தில் டைப் அடிக்கவும் கற்றுக்கொண்டு, நுகர்வோர் மன்றம் என்று ஒன்று புதிதாக வந்தபோது அங்கே போனேன். படிப்பு, பயிற்சி எல்லாம் அவ்வளவுதான். மீதியைக் கற்றுக்கொடுத்தவை கேஸ்கள்.

அப்போது எல்லாமே புதிதாக வந்துகொண்டிருந்த காலம். கலர் டிவி, வாஷிங் மெஷின், செல்போன், பெயர் வாயில் நுழையாத வெளிநாட்டுக் கம்பெனிகள். வாங்குகிறவர்கள் பெருகப் பெருக எங்கள் கவுண்டரிலும் கூட்டம். மனு வந்தால் நம்பர் போடுவது, எதிர்த்தரப்புக்கு ரிஜிஸ்தர் தபாலில் நோட்டீஸ் அனுப்புவது, ஒப்புகை அட்டை திரும்பி வந்ததும் ஃபைலில் தைப்பது, மனுதாரர் காகிதங்களுக்கு ஏ-1, ஏ-2 என்றும் எதிர்த்தரப்புக்கு பி-1, பி-2 என்றும் முத்திரை குத்துவது, எல்லாம் என் வேலை. மாதத்தில் ஒரு நாள் மன்றம் திருப்பதியில் உட்காரும். அதற்குக் ‘கேம்ப்’ என்று பெயர். முதல் நாளே ஃபைல்களையும் சாட்சிப் பொருள்களையும் ஒரு டிரங்குப் பெட்டியில் அடுக்கி, காலை முதல் பஸ்ஸில் நானும் டவாலியும் கொண்டுபோவோம்.

எங்கள் பிரசிடென்ட் ஒரு ரிட்டயர்டு ஜட்ஜ். தெலுங்குக்காரர். சித்தூரில் பல வருடம் இருந்ததால் தமிழும் பேசுவார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. வக்கீல்கள் அரை மணி நேரம் முழங்குவார்கள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைப்பார். அதை வைத்ததும் நான் எழுந்து நின்றுவிடுவேன், ஏனென்றால் அடுத்த கேள்வி எனக்குத்தான். “வஸ்துவு ஏதம்மா?” பொருள் எங்கே அம்மா? குக்கர் கேஸ் என்றால் குக்கர் மேஜைக்கு வர வேண்டும். மிக்சி என்றால் மிக்சி வர வேண்டும். கையில் எடுத்து, மூடியைத் திருகி, முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் அவருக்குச் சட்டமே ஞாபகம் வரும்.

ஒரு முறை வேர்க்கடலை விதை கேஸ். கம்பெனிக்காரர்கள் சீல் வைத்த பை ஒன்றைச் சாட்சிப் பொருளாகக் கொடுத்தார்கள். நான் நல்ல பிள்ளையாக அப்படியே வாங்கிப் பூட்டி வைத்தேன். விசாரணை அன்று பிரித்தால் உள்ளே பாதிப் பை வெறும் தோல். “நாங்க குடுக்கும்போது நெறைய இருந்தது, ஆபீஸ்லதான் மாறிப்போச்சு” என்று அந்த வக்கீல் என் முகத்துக்கு நேரே சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பிரசிடென்ட் கோபப்படவில்லை. சாயங்காலம் கூப்பிட்டு, “கஸ்தூரி, இனிமே எது வந்தாலும் பிரிச்சு, உள்ள என்ன இருக்குன்னு லிஸ்ட் எழுதி, குடுத்தவங்க கையெழுத்து வாங்கிடுங்க” என்றார். அன்றிலிருந்து என் மேஜை டிராயரில் ஒரு பிளேடு உண்டு. எது வந்தாலும் பிரித்துவிடுவேன். தீபாவளிக்கு யாரோ கொடுத்த ஸ்வீட் பெட்டிக்குக்கூட லிஸ்ட் எழுதினேன் என்று ஆபீசில் கிண்டல் செய்வார்கள்.

இந்தப் பிளேடு விஷயத்தை மறந்துவிடாதீர்கள். அதுதான் பின்னால் என் மானத்தை வாங்கியது.

முனிரத்தினம் எங்கள் கவுண்டருக்கு வந்தது ஒரு வெயில் காலம். வரதய்யபாளையம் பக்கத்துப் பையன், இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கும். திருப்பதியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை. வக்கீல் வைக்கவில்லை. தானே தெலுங்கில் மனு எழுதிக்கொண்டு வந்திருந்தான். நான் எடுத்த எடுப்பில் மூன்று குறை சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். அவன் போகவில்லை.

“மேடம், இன்னொரு வாட்டி அலைய எனக்கு டைம் இல்ல மேடம். சிங்கப்பூர்ல வேல கெடச்சிருக்குது. பாஸ்போர்ட் போலீஸ் வெரிஃபிகேஷன்ல நின்னுக்கினு இருக்குது.”

“அதுக்கும் விளையாட்டு சிடிக்கும் என்னப்பா சம்பந்தம்?”

“நான் திருடன்னு சொல்றாங்க மேடம்” என்றான். சொல்லும்போதே அழுதுவிட்டான்.

உட்கார வைத்துக் கேட்டேன். கோட்டை கட்டி, படை சேர்த்து, ராஜ்யம் ஆளும் கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்று. ஊரெல்லாம் நகல் சிடி வாங்கி ஆடிக்கொண்டிருந்தபோது, இவன் மட்டும் மாதக்கணக்கில் காசு சேர்த்து, திருப்பதி கடையில் பில்லோடு ஒரிஜினல் டப்பா வாங்கியிருக்கிறான். அந்தத் தெருவிலேயே ஒரிஜினல் வைத்திருந்த ஒரே ஆள் அவன்தானாம். அந்தப் பெருமையை அழுகைக்கு நடுவிலும் சொன்னான். சிங்கப்பூர் வேலை கிடைத்ததும் அதை ராகவாச்சாரி என்பவருக்கு விற்றுவிட்டான். அவர் திருமலையில் கோயில் கைங்கரியம் செய்யும் குடும்பம், நாற்பது வயதைத் தாண்டியவர். காலையில் மலைமேல் சேவை, மத்தியானம் கீழே இறங்கி வந்து கம்ப்யூட்டரில் படையெடுப்பு! மனுஷனுக்கு அந்த விளையாட்டின் மேல் அப்படி ஒரு பைத்தியம்.

அவர் தன் கம்ப்யூட்டரில் போட்டுப் பாதி ராஜ்யம் பிடிப்பதற்குள், டப்பாவில் உள்ள எண் ஏற்கெனவே வேறொருவர் பெயரில் பதிவாகிவிட்டது என்று விளையாட்டு நின்றுவிட்டது. கம்பெனிக்கு எழுதினால் அவர்கள் பதில்: நாங்கள் விளையாட்டை யாருக்கும் விற்கவில்லை. முதலில் வாங்கியவர் ஆடிக்கொள்ள அனுமதி மட்டும் கொடுத்தோம். அதை அவர் இன்னொருவருக்கு விற்க முடியாது. ராகவாச்சாரிக்கு வந்ததே கோபம்! தனக்குச் சொந்தமில்லாததை விற்று ஏமாற்றிவிட்டான் என்று ஸ்டேஷனில் மனு கொடுத்துவிட்டார். இன்ஸ்பெக்டர் வழக்குப் பதியவில்லை. ஆனால் இந்தத் தகராறு தீரும்வரை நல்லவன் என்று எழுதிப் பாஸ்போர்ட் ஆபீசுக்கு அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டார். சிங்கப்பூர்க்காரன் கொடுத்த கெடு ஏழு வாரம். அவன் விற்றது அவனுடைய பொருள்தான் என்று யாராவது சொன்னால் வேலை உண்டு. சொல்லாவிட்டால் வேலையும் போய், திருட்டுப் பட்டமும் மிச்சம்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நகல் வாங்கிய தெருவெல்லாம் ஜாலியாக இருக்கிறது, பில்லோடு வாங்கியவன் திருடனா? அவன் பேனாவைப் பிடுங்கி மனுவின் குறைகளை நானே திருத்தினேன். கம்பெனியையும் கடைக்காரரையும் எதிர்த்தரப்பாகப் போட்டு அன்றே நம்பர் கொடுத்தேன். சீக்கிர விசாரணை வேண்டும் என்று தனி மனு எழுத வைத்து, மறுநாளே பிரசிடென்ட் முன் வைத்தேன். நோட்டீஸ் போய், ஒப்புகை அட்டை வந்து, கம்பெனி பதில் தாக்கல் செய்ய ஒரு மாதம் ஓடிவிட்டது.

கம்பெனியின் பதில் தடித்த காகிதத்தில் வந்தது. டப்பாவின் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறோம், ‘இந்த சீலை உடைப்பவர் உள்ளே உள்ள ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டவர் ஆவார்’ என்று அதில் இருக்கிறது, மனுதாரர் உடைத்தார், ஆகவே ஏற்றுக்கொண்டார், விஷயம் முடிந்தது. பிரசிடென்ட் படித்தார். மூக்குக்கண்ணாடி மேஜைக்குப் போனது.

“வஸ்துவு ஏதம்மா?”

முனிரத்தினத்தின் டப்பா எப்போதோ உடைத்தது, அதுவும் ராகவாச்சாரி வீட்டில். ஆகவே, கடையில் வாங்குகிறவன் கண்ணுக்கு எப்படித் தெரியுமோ அப்படியே, சீல் பிரிக்காத டப்பா ஒன்றைக் கம்பெனி தாக்கல் செய்ய வேண்டும் என்று உத்தரவு போட்டார். அடுத்த திருப்பதி கேம்பில் விசாரணை. அதற்குப் பிறகு முனிரத்தினத்தின் கெடுவுக்கு இரண்டே வாரம்தான் மீதி.

கேம்புக்கு முதல் நாள் சாயங்காலம், நான் டிரங்குப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது, கம்பெனி வக்கீலின் குமாஸ்தா அந்த டப்பாவைக் கொண்டுவந்தார். பளபளவென்று கோட்டைப் படம் போட்ட டப்பா. கை தானாக டிராயருக்குப் போனது. பிளேடை எடுத்தேன், சர்ரென்று கிழித்தேன், லிஸ்ட் எழுதினேன்: சிடி இரண்டு, புத்தகம் ஒன்று, மடித்த காகிதம் ஒன்று. குமாஸ்தாவிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். அந்த மனிதரும் தடுக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். அவர் படி இறங்கிய பிறகுதான் என் கையில் ஒட்டிக்கொண்டிருந்த துண்டு ஸ்டிக்கரைப் பார்த்தேன்.

‘இந்த சீலை உடைப்பவர்...’

ஐயையோ! சீல் பிரிக்காத டப்பா வேண்டும் என்றுதானே உத்தரவு? அதை டைப் அடித்ததே நான்தானே! புத்தி எங்கே போயிற்று? கோந்து தடவி ஒட்டிவிடலாமா என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது, மறைப்பானேன். தோன்றிய வேகத்திலேயே வெட்கமாகவும் இருந்தது. பிரசிடென்ட்டிடம் நேராகச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

மறுநாள் பஸ்ஸில் அந்த டப்பாவை டிரங்கில் வைக்கவில்லை, மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன். சந்திரகிரி தாண்டுவதற்குள் பஸ் டயர் வேறு பஞ்சர். நாங்கள் ஓடிப்போய்ச் சேரும்போது பிரசிடென்ட்டும் இரண்டு மெம்பர்களும் மேடையில் உட்கார்ந்தாயிற்று. தனியாகச் சொல்ல வழியே இல்லை. டவாலி மூன்று தரம் பெயர் கூவினார். முனிரத்தினம் வந்து நின்றான். பின்னால் அவன் நைனா ஏழுமலை, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு. இன்னொரு பக்கம் பஞ்சகச்சமும் பெரிய நாமமுமாக ராகவாச்சாரி. முன் வரிசையில் சென்னையிலிருந்து வந்த கம்பெனி வக்கீல், பக்கத்தில் கடைக்காரர்.

நான் டப்பாவை மேஜைமேல் வைத்தேன். கம்பெனி வக்கீல் எட்டிப் பார்த்து எழுந்தார்.

“சீல் உடைந்திருக்கிறது! இந்தச் சாட்சிப் பொருள் செல்லாது. வேறு டப்பா தாக்கல் செய்கிறோம். அடுத்த கேம்புக்கு ஒத்திவைக்க வேண்டும்.”

அடுத்த கேம்ப் என்றால் ஒரு மாதம். முனிரத்தினத்தின் முகத்தைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தான். அவன் வாழ்க்கையை நானே என் பிளேடால் கிழித்துவிட்டேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். பிரசிடென்ட் கண்ணாடியைக் கழற்றினார்.

“கஸ்தூரி, ஒடச்சது யாரு?”

“நான்தான் சார். லிஸ்ட் எழுதறதுக்காக. வழக்கப்படி...”

“சீல் மேல என்ன எழுதியிருந்ததுன்னு படிச்சீங்களா?”

“கிழிச்சதுக்கப்புறம் படிச்சேன் சார்.”

“உள்ள இருக்கிற ஒப்பந்தம்? ஒடைக்கறதுக்கு முன்னால அதைப் படிச்சீங்களா?”

பயத்தில் எனக்கு நாக்கு என் வசத்தில் இல்லை. “எப்படி சார் படிப்பேன்? அது டப்பாவுக்குள்ள இல்ல இருக்குது!” என்று கத்திவிட்டேன்.

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். மெம்பர் அம்மாள் வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டார். பிரசிடென்ட் சிரிக்கவில்லை. வக்கீல் பக்கம் திரும்பினார்.

“சரி, வக்கீல் சார். சீலை உடைப்பவர் ஏற்றுக்கொண்டவர் ஆவார்னு உங்க ஸ்டிக்கர் சொல்லுது. இந்தம்மா உடைச்சாங்க. இப்ப இந்தம்மா உங்க ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டவங்களா, இல்லையா?”

கட்டுப்பட்டவள் என்று வக்கீல் சொன்னால் ஊரே சிரிக்கும். இல்லை என்றால் சீல் உடைப்பது சம்மதம் ஆகாது, அவருடைய கேசே போயிற்று. “இவர் வாங்கியவர் இல்லை” என்று முனகினார். “வாங்கினவரும் இதே ஸ்டிக்கரைத்தானே பார்த்தார்? உடைக்காம உள்ள இருக்கறதை அவர் படிக்க வேற வழி இருந்துச்சா? இருந்தா இப்ப காட்டுங்க” என்றார் பிரசிடென்ட். வக்கீல் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார். “வாய்தா கிடையாது. இந்த டப்பாவே பி-1. முத்திரை போடுங்கம்மா.”

போட்டேன் பாருங்கள் முத்திரை! மேஜையே அதிர்ந்தது.

ஆனால் வக்கீல் லேசுப்பட்டவர் இல்லை. வேறு பக்கமாக வந்தார். சீல் விஷயம் கிடக்கட்டும், இந்தப் பொருளின் தன்மையே வேறு, பிளாஸ்டிக் தட்டு மட்டுமே வாங்கியவருடையது, அதிலுள்ள விளையாட்டு என்றைக்கும் கம்பெனியுடையது, ஆடலாம், அனுபவிக்கலாம், விற்க மட்டும் கூடாது, இதற்கு லைசென்ஸ் என்று பெயர் என்று அழகாக விளக்கினார். பிரசிடென்ட் முகம் யோசனையில் ஆழ்ந்தது. எனக்கு மறுபடியும் பயம் வந்துவிட்டது.

அப்போதுதான் பின்னாலிருந்து ஏழுமலை எழுந்தார். டவாலி “உக்காருய்யா” என்று அதட்டினார். பிரசிடென்ட் கையை அசைத்து, “சொல்லட்டும்” என்றார்.

“சாமி, தப்பா நெனச்சிக்காதீங்க. இந்த ஐயா சொல்றது எனக்குப் புரிஞ்சிப்போச்சி. எங்க டி.கே.டி. பட்டா மாரிதான?”

சென்னை வக்கீல் விழித்தார். எங்கள் பக்கத்தில் அதைத் தெரியாதவர் கிடையாது. நிலமில்லாத குடும்பங்களுக்கு அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த நிலத்தின் சீட்டு அது. பயிர் வைக்கலாம், பிள்ளைக்கு விடலாம், விற்கக் கூடாது. விற்றால் அரசாங்கம் திரும்ப எடுத்துக்கொள்ளும்.

“எனக்கும் ரெண்டு ஏக்கரா அப்பிடித்தான் குடுத்தாங்க. உழுது துன்னுக்கினு இருக்கேன். விக்கக் கூடாதுன்னா கூடாது, நான் ஒத்துக்கினேன். ஆனா சாமி, எம்மாரோ ஊருக்கு வந்து, எல்லாரையும் உக்கார வச்சி, பட்டாவப் படிச்சிக் காட்டி, விக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கு, சம்மதமான்னு கேட்டுட்டு, அதுக்கப்புறம்தான் கட்டவெரல் ரேகை வாங்கினாரு. இவங்க மொதல்ல ரேகைய வாங்கிக்கினு, காயிதத்த டப்பாவுக்குள்ள வச்சி ஒட்டிட்டாங்களே! அதுவும் எனக்கு நெலம் சும்மா குடுத்தாங்க, அதனால நெபந்தன போட்டாங்க. எம் புள்ள துட்டு குடுத்து இல்ல வாங்கினான்?”

எம்.ஆர்.ஓ. என்ற மண்டல வருவாய் அதிகாரி வந்து படித்துக் காட்டிய அதே மாதிரிப் பட்டா எங்கள் வீட்டுப் பெட்டியிலும் இருக்கிறது. எங்கள் நைனாவின் ரேகை அதில் நீலமாக இருக்கும். ஃபைல் ஃபைலாகத் தைத்த எனக்குத் தோன்றாதது, கையெழுத்துத் தெரியாத அந்த மனுஷனுக்குத் தோன்றியதே! எழுந்து கைதட்டிவிடலாம் போல இருந்தது. பெஞ்சு கிளார்க் கைதட்டக் கூடாது. மேஜைக்குக் கீழே காலைத் தட்டிக்கொண்டேன்.

பிரசிடென்ட் மெதுவாக ஏ-1ஐக் கேட்டார். அது கடைக்காரரின் பில். வெளிச்சத்தில் பிடித்து, அடியில் அச்சடித்திருந்த வரியைப் படிக்கச் சொல்லி என்னிடமே நீட்டினார். நான் ஊர் கேட்கப் படித்தேன்.

“ஒருமுறை விற்ற சரக்கு திரும்ப எடுத்துக்கொள்ளப்பட மாட்டாது!”

“உங்க ஒப்பந்தத்துல கடைசியில என்ன இருக்கு, வக்கீல் சார்? சம்மதம் இல்லைன்னா கடையில திருப்பிக் குடுத்துடுங்கன்னு. கடைக்காரர் திருப்பி எடுத்துக்க மாட்டேங்கறார். நீங்க விக்கவே இல்லைங்கறீங்க. இவர் ‘விற்ற சரக்கு’ங்கறார். ரெண்டு பேரும் முதல்ல உங்களுக்குள்ள பேசி முடிவு பண்ணிக்கிட்டு வந்திருக்கலாமே.”

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். ராகவாச்சாரி மட்டும் தாங்க முடியாமல் எழுந்து, “இதெல்லாம் சரி, எனக்கு விளையாட விடுவாளா மாட்டாளா? பாதி ராஜ்யத்தில நிக்கறதே!” என்றார். அப்போதுதான் பிரசிடென்ட் சிரித்தார். என் சர்வீசில் அவர் மேடையில் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

வெள்ளிக்கிழமை சித்தூரில் தீர்ப்பு. அவர் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். விற்பதற்கு முன் காட்டாத நிபந்தனை வாங்கியவரைக் கட்டுப்படுத்தாது. மனுதாரர் தன் பொருளைத்தான் விற்றார், அதில் ஏமாற்று எதுவும் இல்லை. டப்பாவை இப்போது வைத்திருப்பவருக்குக் கம்பெனி புதிய எண் கொடுக்க வேண்டும். ‘தன் பொருளை’ என்ற வார்த்தையை அடிக்கும்போது என் விரல் வேகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! நகலைத் தபாலில் அனுப்பினால் நாளாகும் என்று அங்கேயே முனிரத்தினத்திடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தேன். அவன் படியில் இறங்கவில்லை, தாண்டினான். திருப்பதி பஸ் பிடித்து நேரே ராகவாச்சாரி வீடு, அங்கிருந்து இரண்டு பேருமாக ஸ்டேஷன். அவர் மனுவை வாபஸ் வாங்கினார். பாஸ்போர்ட் வந்தது. கெடுவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது முனிரத்தினம் விமானம் ஏறினான். கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போகாமல் புதிய எண்ணை அனுப்பிவிட்டது, ராகவாச்சாரி மீதி ராஜ்யத்தையும் பிடித்தார்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும், சிரீஷா. அது ஒரு டப்பாவுக்குக் கிடைத்த தீர்ப்பு. உலகத்துச் சட்டத்தை நாங்கள் மாற்றிவிடவில்லை. இப்போது டப்பாவும் கிடையாது, சீலும் கிடையாது. நிபந்தனையை முன்னாலேயே திரையில் காட்டுகிறார்கள், ‘சம்மதம்’ என்று நாமே அமுக்குகிறோம். என் மாந்தோப்புக்கும் நான்தான் அமுக்கினேன். ஒரு வரி படிக்கவில்லை. உடைத்த பிறகு படித்தவள் அன்று, இன்று அமுக்கிய பிறகும் படிக்காதவள்! ஆனாலும் பொத்தானில் ‘வாங்கு’ என்றுதான் போட்டிருந்தான். அதை வைத்து ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். நம்பர் போட்டுக் கொடு.

அப்போது மகனை விமானம் ஏற்றிவிட்டு வந்த ஏழுமலை, ஒரு கூடை மாம்பழத்தோடு ஆபீசுக்கு வந்தார். வாங்கக் கூடாது என்று விதி. நான் மறுத்தேன். “கெடக்கட்டும் தங்கச்சி, எங்க நெலத்துல வெளஞ்சது. எடுத்துக்கோ” என்றார். விதியை எடுத்துச் சொல்லி அவரையும் கூடையையும் வெளியே மரத்தடிக்கு அழைத்துப் போனேன். ரொம்ப நாளாக மனசில் இருந்ததைக் கேட்டேன்.

“அண்ணா, அந்த ரெண்டு ஏக்கராவ விக்கலாம்னு நாளைக்கே உத்தரவு வந்தா வித்துடுவீங்களா?”

“நானா? செத்தாலும் விக்க மாட்டேன்.”

“அப்புறம் என்ன? விக்கக் கூடாதுன்னு பட்டாவுல இருந்தா உங்களுக்கு என்ன நஷ்டம்?”

அவர் கூடையிலிருந்த பழங்களைத் துண்டால் மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

“நான் விக்காம இருக்கிறது என் இஷ்டமா இருக்கணும் தங்கச்சி. இப்ப அது எம்மாரோ இஷ்டம்” என்றார்.